வெள்ளைப் பசு படத்தில் சாம்பலாக வருவது ஏன்? கேமராவில் உள்ள சொற்களை விளக்குங்கள்

கிளுவைவேலி, காங்கேயம் பக்கம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையில் எங்கள் தோட்டம் இருக்கிறது. அப்பா காங்கேயம் மாடுகள் வைத்திருக்கிறார். பக்கத்துத் தோட்டத்தில் பெரியப்பா எட்டு விசைத்தறிகள் ஓட்டுகிறார். போன மாதம் தாய்மாமன் தாம் பயன்படுத்திவந்த 24 மெகாபிக்சல் டி.எஸ்.எல்.ஆர். கேமராவை 18-55 லென்ஸோடு எனக்குக் கொடுத்தார். மாடு கேட்டு வெளியூரிலிருந்து பேசுகிறவர்களுக்கு அனுப்ப, மாட்டின் நிறமும் அமைப்பும் உள்ளபடி தெரியும் படங்கள் வேண்டும் என்று அப்பா கேட்கிறார். பெரியப்பா நாடாத் தறிகளை (ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் மரக்கட்டைதான் நாடா) எடைக்குப் போட்டுவிட்டு நாடா இல்லாத தறிகள் வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருப்பதால், அதற்குள் பழைய தறிகள் ஓடுவதைப் படமெடுத்து வைத்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

எடுத்துப் பார்த்ததில் மூன்று குறைகள் தெரிகின்றன. சுண்ணாம்பு அடித்த சுவரோரம் நிறுத்தி எடுத்த வெள்ளைப் பசு அழுக்கேறிய வேட்டி போலச் சாம்பலாக வருகிறது. நேரில் அது தும்பைப்பூ நிறம். அதிகாலையில் கட்டுத்தரைக்குள் எடுத்த படங்கள் எல்லாம் கலங்கிப்போகின்றன. அவற்றில் ஒன்றின் விவரத்தைக் கேமராவில் பார்த்தபோது 55 மி.மீ., எஃப் 5.6, 1/8, ஐ.எஸ்.ஓ. 100 என்று காட்டியது. ஐ.எஸ்.ஓ.வை 100-க்கு மேல் ஏற்றினால் படம் கெட்டுவிடும் என்று பிரிண்ட் போடும் கடையில் சொன்னதால் அதைத் தொடாமல் வைத்திருக்கிறேன். தறிக்கூடத்தில் மட்டும், வேகம் வேண்டும் என்பதற்காக, மாமா சொன்னபடி ஐ.எஸ்.ஓ.வைக் கேமராவின் பொறுப்பில் விட்டு 1/500 வைத்து எடுத்தேன். அந்தப் படங்களில் குறுக்கே இருட்டுப் பட்டைகள் விழுகின்றன, அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்கள்கூட ஒரே வெளிச்சத்தில் இல்லை.

கையேட்டைப் படித்தேன். அப்பர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு, ஐ.எஸ்.ஓ., மீட்டரிங், வொயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வரி இருக்கிறது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன உறவு என்பது விளங்கவில்லை. எதை முதலில் கற்க வேண்டும், இவற்றுக்குத் தமிழில் பெயர்கள் உண்டா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியோடு இருப்பேன்.


பச்சைமலையடி, கோபிசெட்டிபாளையம்

வணக்கம் அம்மணி. கலங்கிய படத்தின் விவரங்களைச் சேர்த்து எழுதியது நல்ல காரியம்; அந்த நான்கு எண்களிலேயே விடை இருக்கிறது. ஃபிலிம் காலத்திலிருந்து கோபியில் கல்யாணப் படம் எடுத்துவருகிறேன். வேலை கற்க வரும் பையன்களுக்கு எங்கள் கீழ்பவானி வாய்க்காலைக் காட்டித்தான் இதைச் சொல்வேன், உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

வயலுக்கு எவ்வளவு தண்ணீர் பாய்ந்தது என்பதை இரண்டு சேர்ந்து தீர்மானிக்கின்றன: மடை எவ்வளவு அகலம் திறந்தது, எவ்வளவு நேரம் திறந்திருந்தது. கேமராவில் மடையின் அகலம்தான் அப்பர்ச்சர், திறந்திருக்கும் நேரம்தான் ஷட்டர் ஸ்பீடு. திறப்பின் பரப்பைப் பாதியாக்கினால் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும், நேரத்தைப் பாதியாக்கினால் பரப்பை இரட்டிப்பாக்க வேண்டும். இந்த ஒரு கொடுக்கல் வாங்கல் மனத்தில் பதிந்துவிட்டால் கையேட்டில் பாதி தானாகவே விளங்கும்.

எல்லோரும் தடுமாறும் இடம் எஃப் எண். அது ஒரு வகுத்தலின் விடை: லென்ஸின் குவியத் தொலைவை (உங்கள் லென்ஸில் 18-55 என்று எழுதியிருக்கும் மி.மீ. கணக்கு) துளையின் விட்டத்தால் வகுத்தால் எஃப் எண் வரும். 50 மி.மீ. லென்ஸில் துளை 25 மி.மீ. அகலம் திறந்திருந்தால் எஃப் 2, 6.25 மி.மீ. மட்டும் திறந்திருந்தால் எஃப் 8. அதனால்தான் எண் பெரிதாகப் பெரிதாகத் துளை சிறுக்கிறது. 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒளி பாதியாகும். விட்டம் 1.4 மடங்கானால் வட்டத்தின் பரப்பு இரண்டு மடங்காகும் என்பதால்தான் அந்த வரிசை 1.4-ஆல் பெருகிக்கொண்டு போகிறது.

சொல்வதைவிடக் கண்ணால் பார்ப்பது மேல். கேமராவை முழுக் கட்டுப்பாட்டில், அதாவது 'எம்' என்ற இடத்தில் வைத்து, ஷட்டரை 2 நொடியாகவும் துளையை எஃப் 22 ஆகவும் ஆக்கிக்கொள்ளுங்கள். லென்ஸின் முகத்தை நன்றாகப் பார்த்தபடி பட்டனை அழுத்துங்கள். உள்ளே மெல்லிய தகடுகள் குவிந்து மிளகு அளவுத் துளையை மட்டும் விட்டு நிற்பதும், 2 நொடி கழித்துப் பட்டென்று விரிவதும் தெரியும். வெயிலில் படுத்திருக்கும் பூனையின் கண்பாவை கோடாகச் சுருங்கி, இருட்டில் முழுதாக விரிகிறதே, அதே வேலை.

இனி உங்கள் படம். 1/8 நொடி என்பது கையில் பிடித்து எடுப்பதற்கு மிக நீண்ட நேரம். குவியத் தொலைவு எத்தனை மி.மீ. இருக்கிறதோ அதைவிடக் குறுகிய பின்ன நொடி வேண்டும் என்பது பழைய கணக்கு. உங்கள் கேமராவின் உணரி (ஒளியைப் பதியும் சென்சார்) சிறியது என்பதால் 55-ஐ ஒன்றரையால் பெருக்கி, 1/80-க்குக் குறையாமல் வையுங்கள். அது நம் கை நடுக்கத்துக்கு மட்டுமான கணக்கு. மாடு அசைபோடும், காதை ஆட்டும், ஈ ஓட்டும். ஆகவே 1/125 வேண்டும். 8, 15, 30, 60, 125 என்று எண்ணிப் பாருங்கள், நான்கு படி. நான்கு படி நேரத்தைக் குறைத்தால் ஒளி பதினாறில் ஒரு பங்காகும். அதை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ.வை 100, 200, 400, 800, 1600 என்று அதே நான்கு படி ஏற்ற வேண்டும். 1600-இல் சிறிது மணல்மணலாகத் தெரியும். ஆனாலும் கண்ணும் இமையும் கூர்மையாக இருக்கும். மணல் தெரிகிற படத்தைப் பயன்படுத்தலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. கடையில் உங்களுக்குச் சொன்னது பட்டப்பகலுக்கும் ஸ்டாண்டில் வைத்து எடுப்பதற்கும் பொருந்தும். விடியற்காலைக் கட்டுத்தரைக்குப் பொருந்தாது.

முதலில் 'ஏ' என்ற முறையில் பழகுங்கள்; கேனானில் அதுவே 'ஏவி'. துளையை நீங்கள் வைப்பீர்கள், நேரத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.


மஞ்சள்காடு, ஈரோடு

பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் கோபி அண்ணன் சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். மடை உவமை மிகப் பொருத்தமானது, ஆனால் ஐ.எஸ்.ஓ.வை அந்த உவமைக்குள் கொண்டுவரக் கூடாது. அதை ஏற்றுவதால் ஒரு துளி ஒளிகூடக் கூடுதலாக உள்ளே வருவதில்லை. கோயில் திருவிழாவில் மைக் செட்காரர் குமிழைத் திருகுவதைப் போன்றது அது: பேசுகிறவரின் குரல் மெலிந்திருந்தால் குமிழைத் திருகிப் பெருக்கலாம், கூடவே 'உஸ்' என்ற இரைச்சலும் பெருகும். படத்தில் தெரியும் மணலுக்கு ஆங்கிலத்தில் நாய்ஸ் என்று பெயர்; தமிழிலும் இரைச்சல் என்றே எழுதுகிறார்கள்.

அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தால் உங்கள் அச்சம் நீங்கும். ஒளி துகள்களாக வந்து உணரியின் மீது விழுகிறது. கோடை மழையின் முதல் தூறல் களத்தில் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சாண் இடத்தில் நான்கு துளி, அடுத்த சாணில் ஒன்பது துளி. மழை வலுத்த பிறகு களம் முழுவதும் ஒரே சீராக நனைந்துவிடும். குறைந்த ஒளியில் எடுத்த படம் அந்த முதல் தூறல். அதன் ஏற்றத்தாழ்வைத்தான் நாம் மணலாகப் பார்க்கிறோம். ஆகவே குற்றவாளி பெரும்பாலும் ஒளிக் குறைவுதான், ஐ.எஸ்.ஓ. எண் அன்று. 100-இல் இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் வெளிச்சமாக்கினாலும் அதே மணல் வரும். பல கேமராக்களில் அதைவிட மோசமாகவே வரும். அந்த மூன்று எழுத்துகள் தரப்படுத்தலுக்கான பன்னாட்டு அமைப்பைக் குறிக்கின்றன. ஃபிலிமின் வேகத்தைக் குறிக்க அமெரிக்காவில் ஏ.எஸ்.ஏ. என்றும் ஜெர்மனியில் டின் என்றும் தனித்தனியாக இருந்த அளவுகளை 1974-இல் அந்த அமைப்பு ஒன்றாக்கியது. உங்கள் மாமாவின் ஃபிலிம் கேமரா வீட்டில் இருந்தால் அதில் ஏ.எஸ்.ஏ. என்று எழுதியிருக்கலாம், எண் அதேதான்.

இனிப் பசுவுக்கு வருகிறேன், ஏனெனில் இந்தத் திரியில் மிக முக்கியமான கேள்வி அதுவே. எதிரே இருப்பது பசுவா, பாறையா, பனியா என்பது கேமராவின் ஒளிமானிக்கு, அதாவது மீட்டருக்கு, தெரியாது. பொருளின் மீது பட்டுத் திரும்பி வரும் ஒளியை மட்டும் அது அளக்கிறது. சட்டகத்துக்குள் இருப்பவற்றைச் சராசரியாக எடுத்துக்கொண்டால் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பும் நடுத்தரச் சாம்பலாக இருக்கும் என்ற அனுமானத்தை ஒட்டியே அதற்குக் கணக்கு வகுத்திருக்கிறார்கள். புல், மரம், மண், மனிதர் என எல்லாம் கலந்திருக்கும் காட்சிக்கு அந்த அனுமானம் பெரும்பாலும் சரியாகவே வரும். வெள்ளைப் பசுவும் சுண்ணாம்புச் சுவரும் சட்டகத்தை நிறைத்து நின்றால், 'ஒளி மிஞ்சிவிட்டது' என்று கருதி அது குறைத்துவிடும், தும்பைப்பூ சாம்பலாகிவிடும். எருமை நிறைந்து நின்றால் எதிர்மாறாகக் கூட்டிவிடும். எருமையும் அதே சாம்பலாகும்.

அதைத் திருத்தும் பொத்தானே எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், கூட்டலும் கழித்தலும் குறித்த அந்தச் சிறு பொத்தான். அதை 'கேமராவின் அனுமானத்துக்கு நாம் சொல்லும் திருத்தம்' என்று புரிந்துகொள்ளுங்கள். வெள்ளைப் பசுவுக்கு +1 முதல் +1.7 படி வரை, எருமைக்கோ காரிக் காளைக்கோ −1 வைத்துப் பாருங்கள். மயிலைக் காளை பெரும்பாலும் நடுத்தரச் சாம்பலுக்கு அருகிலேயே இருப்பதால் அதற்குத் திருத்தமே தேவைப்படாது.

வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸிலும் இதே கதைதான். காலையில் வேகவைத்த மஞ்சளைக் களத்தில் பரப்பிக் காயவிட்டிருக்கும்போது படமெடுத்தால், சட்டகம் முழுவதும் மஞ்சளாக இருப்பதைக் கேமரா விளக்கு வெளிச்சத்தின் குறை என்று எண்ணிக்கொண்டு நீலத்தைச் சேர்த்துவிடும், மஞ்சள் வெளிறிப்போகும். அத்தகைய இடங்களில் தானியங்கியை விட்டுவிட்டு, வெயில் என்றால் சூரியன் குறியை, நிழல் என்றால் நிழல் குறியை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்: குண்டு பல்பின் ஒளி ஏறத்தாழ 2,800 கெல்வின், நண்பகல் வெயில் ஏறத்தாழ 5,500 கெல்வின், நிழல் 7,000-க்கும் மேல். எண் ஏற ஏற ஒளி நீலம் பாரிக்கும். பிறந்த காங்கேயம் கன்று செந்நிறமாக இருந்து வளர வளரச் சாம்பலுக்கு மாறுவதை மாதாமாதம் பதிவு செய்ய நினைத்தால், எல்லாப் படங்களுக்கும் இந்த எண் ஒன்றாக இருக்கட்டும். அப்போதுதான் மாறியது கன்றின் நிறம் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

தமிழ்ப் பெயர்கள் கேட்டிருந்தீர்கள். அப்பர்ச்சருக்கு ஒளித்துளை, ஷட்டருக்கு மூடி, சென்சாருக்கு உணரி, ஃபோகல் லெங்த்துக்குக் குவியத் தொலைவு, ரெசல்யூஷனுக்குப் பிரிதிறன், வொயிட் பேலன்ஸுக்கு வெண்சமநிலை என்று எழுதலாம். கடையில் கேட்கும்போது வழக்கில் உள்ளதைச் சொல்லுங்கள். ஆனால் புரிந்துகொள்ளும்போது ஒளித்துளை என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயே அதன் வேலை இருக்கிறது.


பல்லடத்துத் தறி

பட்டை விழுவது கேமராவின் பழுதன்று, தறிக்கூடத்து விளக்கின் இயல்பு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உச்சம் தொடுவதால் சோக் வைத்த பழைய டியூப் லைட் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. மலிவான எல்.இ.டி. விளக்குகள் பலவும் அப்படியே. கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் 1/500 என்பது அந்தத் துடிப்பில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே. உச்சத்தில் அகப்பட்டால் வெளிச்சம், பள்ளத்தில் அகப்பட்டால் இருட்டு. மேலும் அந்த வேகத்தில் உங்கள் கேமராவின் மூடி உணரியை ஒரே சமயத்தில் முழுவதும் திறப்பதில்லை. ஒரு குறுகிய இடுக்கு மட்டும் மேலிருந்து கீழாக நகர்கிறது. இடுக்கு நகர்ந்துகொண்டிருக்கையில் விளக்கு கூடிக் குறைந்தால் பட்டைகள் விழாமல் என்ன செய்யும்? 1/100 அல்லது 1/50 வையுங்கள். முழுத் துடிப்பு ஒன்றோ இரண்டோ ஒவ்வொரு படத்திலும் அடங்கிவிடும், வெளிச்சமும் சீராகும்.

1/50 வைத்தால் ஓடுகிற நாடா கலங்கிவிடுமே என்று கேட்பீர்கள். கலங்கட்டும் என்பதே என் கருத்து. கணக்குப் போடுங்கள்: நொடிக்கு 10 மீட்டர் போகிற பொருள் 1/50 நொடியில் 20 செ.மீ. நகரும், 1/1000 நொடியில் 1 செ.மீ. நகரும். 1/1000-இல் எடுத்த நாடா, நிறுத்திய தறியில் யாரோ வைத்துவிட்டுப் போன மரத்துண்டு போலத் தெரியும். 1/50-இல் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு நூல்கள் ஒவ்வொன்றும் கூர்மையாக நிற்க, அவற்றின் நடுவே நாடா ஒரு கோடாக இழுபட்டுப் போகும். பார்க்கிறவருக்குத் தறிச் சத்தமே காதில் கேட்கும். இருபது ஆண்டுகள் அந்தச் சத்தத்துக்குள் நின்றவன் சொல்கிறேன், தறி என்றால் ஓட்டம். அந்த ஓட்டத்தை உறையவைத்துவிட்டால் நாளைக்கு இந்தத் தறியைப் பார்த்திராத பிள்ளைகளுக்கு அது எப்படி ஓடியது என்பது தெரியாமலே போய்விடும்.

ஸ்டாண்டில் வைத்து எடுப்பதானால், தறி ஓடும்போது தரை அதிரும் என்பதை மறந்துவிட வேண்டாம். தறிகளுக்கு நடுவே நடும்போது ஸ்டாண்டின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் மடித்த கோணிப்பையை வையுங்கள். பஞ்சுத் தூசு பறக்கும் இடம். உள்ளே இருக்கும்போது லென்ஸைக் கழற்றவே கூடாது.


வெள்ளோட்டு ஏரிக்கரை

ஈரோட்டு ஆசிரியர் சொன்ன கூட்டல் திருத்தத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. வெள்ளைப் பொருள் என்றாலே கூட்ட வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொள்ளாதீர்கள். நான் வெள்ளோடு சரணாலயத்தில் பறவைகளைப் படமெடுக்கிறேன். கரிய நீரின் நடுவே தொலைவில் ஒரு கூழைக்கடா மிதக்கும்போது, சட்டகத்தில் பத்தில் ஒரு பங்குகூட அது இராது. மீதி எல்லாம் இருட்டு நீர். அந்த இருட்டைப் பார்த்துக் கேமரா ஒளியைக் கூட்டிவிடும், பறவையின் முதுகில் இறகு ஒன்றுகூடத் தெரியாமல் வெள்ளைக் காகிதமாக வெந்துபோகும். அங்கே −1 வைக்க வேண்டும். உங்கள் பசுவும் அப்படித்தான்: சுவரோரம் நெருங்கி எடுத்தால் கூட்டல், கட்டுத்தரையின் இருட்டு வாசலில் அது தனியாக நிற்கத் தூரத்திலிருந்து எடுத்தால் கழித்தல். பொருளின் நிறத்தைவிட, சட்டகத்தில் எது அதிகமாக நிறைந்திருக்கிறது என்பதைப் பாருங்கள்.

அதைச் சரிபார்க்கும் கருவி ஹிஸ்டோகிராம். படம் எடுத்தவுடன் திரையில் ஒரு மலை வடிவம் காட்டும். இடக்கோடி கறுப்பு, வலக்கோடி வெள்ளை. மலை வலச்சுவரில் மோதி நின்றால் வெண்மையில் விவரம் தொலைந்துவிட்டது என்று பொருள். வெயிலில் கேமராவின் திரையை நம்ப முடியாது, இந்த மலையை நம்பலாம். வெந்துபோன இடங்கள் மினுக்கிக் காட்டும் வசதியும் மெனுவில் உண்டு. அதைப் போட்டு வையுங்கள்.

இன்னொன்று, வழக்கமான படக் கோப்பான ஜேபெக்கை விட்டு, உணரி பதிந்ததை அப்படியே வைத்துக்கொள்ளும் ரா முறைக்கு மாறிவிடுங்கள். ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளையே வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடுகிறது. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் இருக்கும். வெண்சமநிலையைத் தவறாக வைத்திருந்தாலும் பிறகு இழப்பின்றித் திருத்தலாம். பறந்து மறைந்த பறவையை இரண்டாம் முறை நிற்கச் சொல்ல முடியாது என்பதால் எனக்கு ரா இன்றி நடக்காது.


பச்சைமலையடி, கோபிசெட்டிபாளையம்

வெள்ளோட்டு நண்பர் சொன்ன எச்சரிக்கை முழுவதும் சரி. ரா பற்றி மட்டும் நான் மாறுபடுகிறேன். அம்மணி கற்கத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. படங்கள் அன்றே அலைபேசியில் போக வேண்டியவை. ரா எடுத்தால் ஒவ்வொரு படத்தையும் கணினியில் திறந்து பதப்படுத்த வேண்டும். அதைவிட, எடுக்கும் இடத்திலேயே வெளிச்சத்தையும் நிறத்தையும் சரியாக வைக்கப் பழகட்டும். பசு ஓடிப்போகாது, தவறினால் அங்கேயே மறுபடி எடுக்கலாம். தறிப் படங்களுக்கு வேண்டுமானால், அவை பிறகு கிடைக்காதவை என்பதால், ராவும் ஜேபெக்கும் சேர்த்துப் பதியும்படி வைத்துக்கொள்ளலாம்.


கிளுவைவேலி, காங்கேயம் பக்கம்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. லென்ஸின் முகத்தைப் பார்த்தபடி 2 நொடி வைத்து எடுத்துப் பார்த்தேன். தகடுகள் குவிவது தெரிந்த அந்தக் கணமே எஃப் எண் மனத்தில் ஏறிவிட்டது. 1600, 1/125 வைத்துக் கட்டுத்தரையில் எடுத்த படத்தில் பசுவின் கண்ணிமை மயிர்கூட எண்ணும்படி இருக்கிறது. சுவரோரம் நின்ற பசுவுக்கு +1.3 வைத்தேன், வெள்ளை வெள்ளையாகவே வந்தது. கொம்பின் அடியில் இருக்கும் இளஞ்சாம்பல் நிழல்கூடத் தெரிகிறது என்று அப்பா சொன்னார்.

ஆனால் புதிதாக ஒரு சிக்கல். மயிலைக் காளை ஒன்றை 18 மி.மீ. வைத்து, இரண்டு மீட்டர் தொலைவில், முகம் என்னைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும்படி எடுத்து அனுப்பினோம். பார்க்க வந்தவர், படத்தில் தலையும் முன்னங்காலும் பெரிதாகவும் பின்புறம் ஒடுங்கியும் தெரிந்ததாகவும், நேரில் காளை வேறு மாதிரி நல்ல நீளமாக இருப்பதாகவும் சொன்னார். விலை படிந்துவிட்டது; என்றாலும் படம் பொய் சொல்லிவிட்டதே என்று மனம் கேட்கவில்லை. பிழை லென்ஸிலா, என்னிடமா?


பச்சைமலையடி, கோபிசெட்டிபாளையம்

பிழை நீங்கள் நின்ற இடத்தில். உருவத்தின் விகிதத்தை லென்ஸ் தீர்மானிப்பதில்லை, தொலைவு தீர்மானிக்கிறது. சாய்ந்து நிற்கும் காளையின் நடு உடல் உங்களிடமிருந்து இரண்டு மீட்டர் என்றால் தலை 1.2 மீட்டரிலும் பின்தொடை 2.8 மீட்டரிலும் இருக்கும். இரட்டிப்புக்கும் மேல் வேறுபாடு, ஆகவே தலை அத்தனை பெரிதாகத் தெரிந்தது. பின்னால் போய் ஆறு மீட்டர் தொலைவில் நின்றால் தலை 5.2, பின்தொடை 6.8; வேறுபாடு 1.3 மடங்குதான். கண்ணும் அதை இயல்பாக ஏற்றுக்கொள்ளும். தூரம் போனால் காளை சிறிதாகுமே என்பதற்குத்தான் 55 மி.மீ. இருக்கிறது: உங்கள் கேமராவில் 55 மி.மீ. வைத்து ஆறு மீட்டரில் நின்றால் இரண்டரை மீட்டர் அகலம் சட்டகத்தில் அடங்கும், அதாவது 18 மி.மீ. வைத்து இரண்டு மீட்டரில் நின்றபோது அடங்கிய அதே அகலம். மாடு பார்க்கிறவர்களும் நேரில் வந்தால் பத்தடி தள்ளி நின்றுதானே அமைப்பைப் பார்க்கிறார்கள், பிறகுதானே பல்லைப் பார்க்க நெருங்குகிறார்கள்.

கேமராவைக் காளையின் நடு உடல் உயரத்துக்கு இறக்குங்கள், முழங்காலிட்டாலும் சரி. நின்றபடி மேலிருந்து எடுத்தால் கால்கள் குட்டையாகும். துளையை எஃப் 8 வையுங்கள். முகத்திலிருந்து வால்வரை தெளிவு கிடைக்கும். அதற்கு வேண்டிய வெளிச்சம் கட்டுத்தரையில் இராது, கொரங்காட்டுக்கு (மேய்ச்சல் நிலத்துக்கு) காலையில் ஓட்டிச் செல்லும்போது எடுங்கள். உச்சி வெயில் வேண்டாம், திமிலின் நிழல் விலாவில் விழுந்து அமைப்பை மறைக்கும்.

மேகமில்லாத வெயிலுக்கு ஒரு பழைய வாய்பாடு சொல்கிறேன், மீட்டர் இல்லாத கேமராவில் நாங்கள் வேலை பார்த்தது அதை வைத்துத்தான். துளை எஃப் 16 என்றால், ஷட்டர் ஃபிலிமின் எண்ணுக்குச் சமமான பின்னம்: ஐ.எஸ்.ஓ. 100-க்கு 1/100 அல்லது அதை ஒட்டிய 1/125. எஃப் 8 வேண்டுமானால் இரண்டு படி மாற்றி 1/500. இது விழுகிற வெயிலின் கணக்கு. திரும்பி வரும் ஒளியின் கணக்கு அன்று. ஆதலால் பசு வெள்ளையானாலும் காரியானாலும் எண் மாறாது. 'எம்' முறையில் ஒரு நாள் முழுவதும் இப்படி எடுத்துப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு முன்பானால் வெயில் மெலிந்திருக்கும், ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள்.


கிளுவைவேலி, காங்கேயம் பக்கம்

கடைசியாக ஒன்று. நேற்று 1/50 வைத்துப் பெரியப்பாவின் மூன்றாம் தறியை எடுத்தேன். பாவு அசையாமல் நிற்கிறது, நாடா வெளுத்த கோடாகப் போகிறது, முறிந்த நூலைப் பிணைக்கக் காத்திருக்கும் பெரியம்மாவின் விரல்கள் ஓரத்தில் தெளிவாக இருக்கின்றன. பெரியப்பா அதை 12-க்கு 8 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுச் சட்டம் மாட்டச் சொல்கிறார். தேவையற்ற பகுதியை நீக்கியதில் அகலமும் உயரமும் சரிபாதியாகிவிட்டன. பிரிண்ட் தாங்குமா?


மஞ்சள்காடு, ஈரோடு

தாங்கும். 24 மெகாபிக்சல் என்பது 6,000-க்கு 4,000 புள்ளிகள். பாதியாக்கியதும் 3,000-க்கு 2,000, அதாவது 6 மெகாபிக்சல். நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதே என்று கலங்க வேண்டாம். 3,000 புள்ளிகளை 12 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 250 புள்ளி வரும். கையில் பிடித்துப் பார்க்கும் பிரிண்டுக்கு 300 என்பது வழக்கம். சுவரில் மாட்டி நான்கடி தள்ளி நின்று பார்ப்பதற்கு 250 தாராளம். கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975-இல் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் இருந்தவை 100-க்கு 100, மொத்தம் 10,000 புள்ளிகள்; ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 நொடி ஆனது. அதைப் போல 600 மடங்கு புள்ளிகள் இப்போது உங்கள் கையில் இருக்கின்றன.

கடைக்குக் கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது புள்ளிகளைக் குறைத்துவிடும். வேறு வழியில்லை என்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். மேட் தாளில் போடச் சொன்னால் தறிக்கூடத்து டியூப் லைட் கண்ணாடி போல அதில் மின்னாது.